தையல்நாயகியின் ஆள்காட்டி விரல்

"தொற்றுத் தடுப்பு அலுவலர்: திருமதி ப. தையல்நாயகி. நோய்க்கிருமிகள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும் வழிகளை முழுமையாக அறிந்தவர். கைத்தூய்மையில் பிற ஊழியர்களுக்கு முன்மாதிரி. தம் உடலில் தொற்றின் அறிகுறி ஏதேனும் தென்பட்டால் தாமதமின்றி மேலிடத்துக்குத் தெரிவிப்பவர்."

கீழ்க்கட்டளையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கும் பல் மருத்துவமனை, தரச்சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது தயாரித்த கோப்பின் மூன்றாம் பக்கம் இது. பிற ஊழியர்கள் என்று அங்கே யாரும் கிடையாது. டாக்டரை விட்டால் தையல்நாயகி ஒருத்திதான். எனவே அவள் தனக்குத்தானே முன்மாதிரி. கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின் மேல் அவள் இடது கையால், பல் பிடுங்கிய வாயைப் போலக் கோணலாக, ஒரு கையெழுத்தைப் போட்டாள். காரணம், வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு எலுமிச்சம்பழம் செருகியிருந்தது. மேலிடம் அன்றைக்கு நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்தில் இருந்தது.

நகச்சுத்திக்கு எலுமிச்சம்பழம் என்பது தமிழ்நாட்டில் விவாதத்துக்கு உரிய விஷயம் அல்ல. பழத்தின் தலையில் ஓட்டை போட்டு விரலை நுழைத்துக்கொண்டால் தீர்ந்தது. தையல்நாயகிக்கு அந்த விரலில் வருடத்துக்கு ஒரு முறையாவது நகச்சுத்தி வரும். முதலில் எறும்பு ஊர்வது போல இருக்கும். மறுநாள் சிவக்கும். கூடவே கொப்புளம். பழத்தைச் செருகினால் உயிர் போகிற மாதிரி எரியும். எரிவதுதான் வேலை செய்வதற்கு அடையாளம் என்று அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். பத்துப் பன்னிரண்டு நாளில் சரியாகிவிடும். தானாகப் போகிறதைத் துரத்தி அனுப்பியதாக ஒவ்வொரு தடவையும் எலுமிச்சம்பழம் பெயர் வாங்கிக்கொண்டது.

அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருடம். இப்போது இருக்கும் டாக்டர் ஜெரூஷாவுக்கு முன்னால் பெரிய டாக்டர் ஒருவர் இருந்தார். கையுறை என்பது கத்தி பிடிக்கிறவனுக்கு, குழாய் பிடிக்கிறவளுக்கு எதற்கு என்று நினைத்த தலைமுறை. அந்தக் காலத்தில் ஒரு நாள் மேடவாக்கத்து ஷேர் ஆட்டோ டிரைவர் ஒருவருக்குப் பல் அச்சு எடுக்கும்போது, அந்த மனிதர் பயத்தில் தையல்நாயகியின் ஆள்காட்டி விரலைக் கடித்துவிட்டார். அவருடைய உதட்டோரத்தில் அப்போது ஒரு கொப்புளக் கொத்து இருந்தது. கடித்தவர் பத்து முறை மன்னிப்புக் கேட்டார். கடியோடு சேர்த்துக் கொடுத்தது என்ன என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவளுக்கும் தெரியாது. ஒரு வாரத்தில் காய்ச்சல் வந்து, அக்குளில் நெறி கட்டி, விரல் வீங்கியது. கண் திருஷ்டி என்று முடிவாயிற்று.

திருஷ்டி படுவதற்கு அந்த விரலிடம் விஷயம் இருந்தது.

சேனை வைப்பது என்று ஒரு வழக்கம். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு வைப்பார்கள். வைத்தவருடைய குணம் பிள்ளைக்கு வரும். தெற்கத்திப் பக்கத்திலிருந்து பம்மலுக்குத் தோல் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்களோடு இந்த நம்பிக்கையும் வந்து இறங்கி, ஊர்க்காரர்கள், அயலூர்க்காரர்கள் என்று எல்லோரையும் தொற்றிக்கொண்டது. தையல்நாயகியின் தெருவில் பதினாறு பிள்ளைகளுக்குச் சேனை வைத்தது அவள் விரல்தான். கீழ்வீட்டுத் தையல்கடை ருக்ஸானாகூடத் தன் மகள் ஷாயிஸ்தாவுக்கு "தேனையாவது தொட்டு வைங்க அக்கா" என்று தூக்கிக்கொண்டு வந்தாள்.

தையல்நாயகி பொறுமைசாலி, அவள் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வராது என்பது தெருவின் தீர்ப்பு. உண்மையில் மருத்துவமனையில் எச்சில் உறிஞ்சும் குழாயின் இரைச்சலில் பேசிப் பயனில்லை. வீட்டுக்கு வந்தபின் பேசத் தெம்பில்லை. புருஷன் பன்னீர்செல்வம் பள்ளிக்கரணையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் காவல்காரர். வாரத்தில் ஆறு நாள் அங்கேயே படுக்கை, ஆகவே சண்டை போடவும் ஆளில்லை. களைப்பையும் சாந்தத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத தெரு அது. அவள் சேனை வைத்த பிள்ளைகளில் ஒருத்தி மாவட்ட அளவில் மூன்றாவது மார்க் வாங்கினாள். அது விரலின் கணக்கில் ஏறியது. இன்னொருவன் கணக்கு வாத்தியாரைக் கடித்தான். அது அவன் அப்பாவின் கணக்கு.

இந்த நிலையில் மாடிவீட்டு சுஜிக்குக் குழந்தை பிறந்தது. கல்யாணமாகி ஒன்பது வருடம், பார்க்காத டாக்டர் இல்லை, ஏறாத கோயில் இல்லை. திங்கட்கிழமை காலை குரோம்பேட்டை மருத்துவமனையில் ஆண் குழந்தை. பிறந்ததுமே சேனை வைத்திருக்க வேண்டும். ஆனால் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது என்று நர்ஸம்மா வாசலில் நின்றுவிட்டார். வீட்டுக்கு வந்தபின் வெள்ளிக்கிழமை காலை வைத்துக்கொள்ளலாம், பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தீர்மானம்.

இதை நர்ஸுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்தார்கள். அதைவிட முக்கியமாக, அங்காளம்மாவுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்தார்கள்.

அங்காளம்மா சுஜியின் மாமியார். கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன் கூடையோடு கிளம்பி, நாற்பது வருடமாக வெயிலில் உட்கார்ந்து விற்றுத் தனியொருத்தியாகச் சுஜியின் புருஷன் உமேஷை வளர்த்தவள். தங்கமான மனசு. அந்தத் தங்கத்தை வெளியே எடுக்க முடியாதபடி அதன் வாசலில் அவள் வாய் உட்கார்ந்திருந்தது. அம்மா குரல் எடுத்தால் பம்மல் மெயின் ரோட்டில் பஸ் ஒதுங்கும் என்று உமேஷே சொல்வான்.

"அக்கா, நீங்கதான் வைக்கணும்," என்று சுஜி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே தையல்நாயகியின் கையைப் பிடித்தாள். "எங்க அத்தை வச்சாங்கன்னா..." அவள் முடிக்கவில்லை. வராந்தாவில் அங்காளம்மா லிஃப்ட்காரரிடம் வம்சவரலாறு விசாரிக்கும் சத்தம் மீதியைச் சொல்லிவிட்டது.

செவ்வாய்க்கிழமை, டாக்டர் நாகர்கோவிலில் இருந்த அன்று, தையல்நாயகியின் விரலில் எறும்பு ஊர்ந்தது.

புதன்கிழமை வேலைக்குப் போகும்போது பழத்தைக் கழற்ற மனம் வரவில்லை. வெள்ளிக்குள் ஆற வேண்டுமே. பழத்தின் மேலேயே கையுறையை மாட்டிக்கொண்டாள். நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்த வங்கி அதிகாரி, தன் முகத்தை நோக்கி ஒரு கோலிக்குண்டு முளைத்த கை இறங்குவதைப் பார்த்து, மயக்க ஊசி போட்ட வாயோடு ஏதோ முறையிட்டார். டாக்டர் ஜெரூஷா நிமிர்ந்தார்.

"அக்கா, அது என்ன?"

"நகச்சுத்தி, டாக்டர். ரெண்டு நாள்ல போயிடும்."

"உள்ள வாங்க. கழட்டுங்க."

பழத்தைக் கழற்றினாள். டாக்டர் பல் பார்க்கிற பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது நகச்சுத்தி இல்லக்கா. சீழே இல்ல பாருங்க. சின்னச் சின்னதா, கொத்தா, தண்ணி கோத்த கொப்புளம். இதே இடத்துல முன்னாடி வந்திருக்கா?"

"வருஷா வருஷம் வரும்."

"ஹெர்பிஸ்."

தையல்நாயகி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும். தாம்பரம் மின்சார ரயிலில் ஜன்னலுக்கு மேலே ஒட்டியிருக்கும் மஞ்சள் நோட்டீஸில், ரகசிய நோய்களின் பட்டியலில், நாலாவதாக இருக்கும். அந்த நோட்டீஸின் கீழே உட்காரக் கூச்சப்பட்டு அவள் சானடோரியம் ஸ்டேஷன்வரை நின்றுகொண்டே வந்திருக்கிறாள்.

"டாக்டர், நான் அந்த மாதிரிப் பொம்பளை இல்ல."

"விரல் எந்த மாதிரி விரல்னு வைரஸ் பாக்காதுக்கா. உக்காருங்க. இது ஒரு பெரிய குடும்பம். சின்னம்மை, அக்கி, உதட்டுக் கொப்புளம், நீங்க நினைக்கிறது, எல்லாம் அண்ணன் தம்பிங்க. உதட்டுல வர்றது எச்சில்ல பரவும். முக்கால்வாசிப் பேருக்குச் சின்ன வயசுல யாராவது ஒரு சித்தி, அத்தை முத்தம் குடுத்தே வந்திருக்கும். எனக்கும் இருக்கு. ஒவ்வொரு பரீட்சைக்கும் உதட்டுல வரும். உங்களுக்கு யாரோட எச்சிலோ விரல் காயத்துல பட்டிருக்கு. அந்தக் காலத்துல கிளவுஸ் போட்டீங்களா?"

தையல்நாயகிக்கு ஷேர் ஆட்டோ டிரைவரின் பற்கள் வரிசையாக ஞாபகம் வந்தன. மேல்வரிசையில் இரண்டு சொத்தை.

"எப்ப முழுசாப் போகும்?"

"போகாது. கொப்புளம் ஆறினதும் நரம்பு வழியாப் பின்னாடி போயி, முதுகெலும்புக்குப் பக்கத்துல, நரம்போட வேர்ல படுத்துக்கும். மாசக்கணக்கா, வருஷக்கணக்காத் தூங்கும். காய்ச்சல், வெயில், டென்ஷன், ஏதாவது ஒண்ணு எழுப்பிவிட்டா அதே நரம்பு வழியா அதே இடத்துக்குத் திரும்பி வரும்."

இதைத் தையல்நாயகி உடனே புரிந்துகொண்டாள். பன்னீர்செல்வம் காவல் காக்கும் குடியிருப்பில் மூன்றாவது மாடிக்காரர் ஒருவர் துபாயில் இருக்கிறார். வீடு பூட்டியே கிடக்கும். காலி என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் தப்பு. வருடத்துக்கு ஒரு முறை முன்னறிவிப்பில்லாமல் வந்து, எல்லா விளக்கையும் போட்டு, மோட்டாரை நிறுத்தாமல் தொட்டியை வழியவிட்டு, மொத்தக் கட்டடத்தையும் பேஜார் பண்ணிவிட்டு, பத்து நாளில் பூட்டிக்கொண்டு போய்விடுவார். காவல்காரரால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: எப்போது வருவார் என்று பயந்துகொண்டிருப்பது.

டாக்டர் மாத்திரை எழுதினார். குத்தி உடைக்கக் கூடாது, எலுமிச்சம்பழம் கூடாது, ஆறும்வரை நோயாளி வாயில் கை வைக்கக் கூடாது, முன்னறையில் உட்கார்ந்து சீட்டுக் கொடுத்தால் போதும் என்றார்.

தையல்நாயகி கதவுவரை போய்த் திரும்பினாள்.

"டாக்டர், ஒருத்தங்களுக்காகக் கேக்கறேன். இந்த மாதிரி விரலால பச்சைப் பிள்ளை வாயத் தொட்டா?"

டாக்டர் பேனாவை மூடிவிட்டு அவளைப் பார்த்தார்.

"யாருக்கா அந்த ஒருத்தங்க?"

"சும்மாதான்."

"நமக்கு இது வெறும் கொப்புளம். பொறந்து ஒரு மாசம்கூட ஆகாத குழந்தைக்கு இதோட சண்டை போடத் தெரியாது. ஈரலுக்குப் போகும், மூளைக்குப் போகும். குழந்தை செத்துப்போனாலும் போகும்க்கா. விரல் மட்டும் இல்ல. உதட்டுல கொப்புளம் இருக்கிறவங்க முத்தம் குடுத்தாலும் அதேதான்."

அன்று சாயங்காலம் தையல்நாயகி பம்மலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. பதினாறு பிள்ளைகளையும் எண்ணப் போனாள். எந்தச் சேனையின்போது விரல் எப்படி இருந்தது என்று நினைவில் தோண்டிக்கொண்டே நடந்தாள். கொப்புளத்தோடு வைத்ததாக எதுவும் ஞாபகம் இல்லை. ஆனால் ஊறலோடு? ஊறலை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? ஒன்பது பேர் மைதானத்தில் கிரிக்கெட்டில் இருந்தார்கள். நாலு பேர் டியூஷனில் இருந்தார்கள், ஜன்னல் வழியாகத் தலையை எண்ணினாள். ஷாயிஸ்தா தையல்கடை வாசலில் கைபேசியோடு இருந்தாள். ஒருவன் குடும்பத்தோடு ஓசூர் போய்விட்டான், ருக்ஸானாவை விட்டுப் போன் போடச் சொல்லி, அவன் பின்னாலிருந்து கத்துவதைக் கேட்டுத் திருப்தி அடைந்தாள். வாத்தியாரைக் கடித்தவன் மட்டும் அகப்படவில்லை. இருட்டுவதற்குள் அவனே ஒரு மதில் மேலிருந்து அவள் முதுகில் மாங்கொட்டையை எறிந்தான். வாழ்க்கையில் எந்த அடியும் தையல்நாயகிக்கு இவ்வளவு இதமாக இருந்ததில்லை.

"என்னக்கா, கணக்கெடுப்பு வேலை ஏதாவது கெடைச்சிருக்கா?" என்று ருக்ஸானா கேட்டாள்.

"சும்மா பாக்கணும்னு தோணுச்சு."

வெள்ளிக்கிழமையை எப்படித் தாண்டுவது என்பதுதான் மிச்சம். உண்மையைச் சொல்வது என்ற யோசனை வந்தது, வந்த வழியே அனுப்பினாள். அந்த வார்த்தையை இந்தத் தெருவில் ஒரு தரம் சொன்னால் போதும், தண்ணீர் லாரி வருவதற்குள் கடைசி வீடுவரை போய்விடும். போகும்போது விரல் என்கிற பகுதி வழியில் உதிர்ந்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை ஊர் அவளிடம் வந்து "உங்க குணம் என் பிள்ளைக்கு வேணும்" என்று கேட்கிறது. ஐம்பத்தொரு வயதில் அவளிடம் யாரும் வேறு எதையும் கேட்டதில்லை.

எனவே மயிலாடுதுறைப் பெரியப்பாவைச் சாகடிப்பது என்று முடிவு செய்தாள். சாவுத் தீட்டு உள்ளவள் பிள்ளையைத் தொடக் கூடாது, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்தப் பெரியப்பா எட்டு வருடத்துக்கு முன்பு மெய்யாகவே இறந்தவர். அதற்கப்புறம் பெரிய டாக்டரிடம் லீவு வாங்குவதற்காக இரண்டு முறை இறந்தார். அனுபவசாலி.

வெள்ளி காலை பத்து மணிக்கு மாடிவீட்டில் பதினோரு பேர் இருந்தார்கள். சுஜி கட்டிலில், மடியில் குழந்தை. உமேஷ் படம் பிடிப்பதற்குக் கைபேசியோடு நின்றான். ஸ்டூலின் மேல் வெள்ளிக் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீர். அங்காளம்மா விஷயம் தெரிந்து முந்தின நாளே போட வேண்டிய சண்டையைப் போட்டு முடித்து, சமாதானமாகாமல் பீரோவில் சாய்ந்திருந்தாள்.

தையல்நாயகி வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வாங்க அக்கா, டைம் ஆச்சு," என்றான் உமேஷ்.

"இல்ல தம்பி. எங்க பெரியப்பா தவறிட்டாரு. தீட்டு. நான் தொடக் கூடாது."

சுஜியின் முகம் விழுந்தது.

"எந்தப் பெரியப்பா?" என்றாள் ருக்ஸானா. "மயிலாடுதுறைக்காரர் ஒருத்தர் முன்னாடியே போனாரே?"

"அவரு வேற."

அங்காளம்மா பீரோவிலிருந்து விலகி நிமிர்ந்தாள். "போன மவராசன் நல்லாக்கட்டும். எனக்கு அப்பவே தெரியும். ஆத்தா பாத்துகினுதான் கீறா. கொண்டா கிண்ணத்த!"

சுஜி கண்ணை மூடிக்கொண்டாள். உமேஷ் கைபேசியை உயர்த்தினான். அங்காளம்மா கிண்ணத்தை எடுத்து, மீன் குழம்புக்கு உப்புப் பார்ப்பது போல விரலை முக்கி வாயில் வைத்துச் சப்பினாள். "சக்கர பத்தலையே," என்று சொல்லிவிட்டு அதே விரலை மறுபடி கிண்ணத்தில் முக்கினாள்.

பத்தொன்பது வருடம் பல் டாக்டரிடம் வேலை பார்த்தவளுக்கு மனிதர்களின் முகம் கடைசியில்தான் தெரியும். முதலில் வாய். அங்காளம்மாவின் கீழுதட்டில் இடது ஓரத்தில் மூன்று கொப்புளம் இருந்தது. ஒன்று உடைந்து பொருக்குத் தட்டத் தொடங்கியிருந்தது. இரண்டு நாள் வெயிலில் கூடைக்கு முன்னால் உட்கார்ந்த பலன்.

தையல்நாயகி தப்பித்துவிட்டிருந்தாள். பெரியப்பா கச்சிதமாகச் செத்துவிட்டார், பெயர் கெடவில்லை, விரலை யாரும் பார்க்கவில்லை. பேசாமல் படியிறங்கினால் போதும். அவள் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"அங்காளம்மா அக்கா, நில்லுங்க."

"தீட்டுக்காரி உள்ள வராதமே!"

"தீட்டு இல்ல. பெரியப்பா சாகல."

"இன்னாது?"

"அதாவது, செத்து எட்டு வருஷம் ஆச்சு." தலைப்பிலிருந்து கையை வெளியே எடுத்து விரலைக் காட்டினாள். "எனக்கு ஹெர்பிஸ்."

உமேஷ் மின்சார ரயிலில் தினமும் கிண்டி போகிறவன். அவனுக்கு வார்த்தை தெரிந்திருந்தது. அவசரமாகக் கைபேசியைக் கீழே இறக்கினான்.

"அக்கா, அது வந்து..."

"நோட்டீஸ்ல இருக்கிறதுதான் தம்பி. அதோட அண்ணன். விரல்ல வந்திருக்கு, எச்சில்லேர்ந்து. பச்சைப் பிள்ளைக்குப் பட்டா உயிருக்கே ஆபத்தாம், எங்க டாக்டர் சொன்னாங்க." பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள்: "அங்காளம்மா அக்கா உதட்டுல இருக்கிறதும் அதேதான்."

அங்காளம்மாவுக்கு ஒரு விநாடி பிடித்தது. அப்புறம் வந்தது.

"யாரப் பாத்து இன்னா சொல்ற? என் வூட்டுக்காரு பூட்டாரு, முப்பது வருஷம் ஆவுது! ஒருத்தன் என்னிய நிமிந்து பாத்துருப்பானா? சூட்டு ஒடம்புமே இது! வெயில்ல குந்திகினு நெத்திலி வித்தா கொப்புளம் வராம கொய்யாப்பழமா வரும்?"

"வெயில்லதான் அக்கா அது எழுந்திருக்கும். உள்ள ஏற்கெனவே இருக்கும். சின்ன வயசுல உங்களுக்கு யாராவது முத்தம் குடுத்திருப்பாங்க. உங்க அம்மாவாகூட இருக்கும்."

"எங்காத்தாள இஸ்த்த, மவளே, கீச்சிடுவேன்!"

ஆனாலும் கிண்ணம் கை மாறியிருந்தது. எப்போது, எப்படி என்று பின்னால் யாராலும் சொல்ல முடியவில்லை. தையல்நாயகி அதை இடது கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பத்து மணி பதினெட்டு நிமிஷம். ராகுகாலத்துக்கு முன்னால் ஏதாவது செய்தாக வேண்டும் என்று கூட்டம் தவித்தது.

"கிளவுஸ் போட்டுகினு, புதுத் தண்ணில, அக்காவே வச்சா?" என்றான் உமேஷ்.

"ரப்பரு தொட்டா ரப்பரு கொணம்தான் வரும்," என்றாள் அங்காளம்மா. "ஒரு வார்த்தைய ஒம்போது முழம் இஸ்துகினு பேசுவான். உன்னாட்டம்."

"அப்ப ஸ்பூன்ல?" என்றாள் ருக்ஸானா.

"ஸ்பூனுக்கு இன்னாமே கொணம் கீது?"

எவர்சில்வருக்கு ஒரு நல்ல குணம் உண்டு, துருப்பிடிக்காது என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். தையல்நாயகி, நர்ஸம்மா சொன்னபடி தாய்ப்பாலைத் தவிர எதுவுமே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். கைராசிக்காரி வாயிலிருந்து இது வருவதை யாரும் நம்பவில்லை.

அப்போது சுஜி கண்ணைத் திறந்தாள். "அத்தை," என்றாள், மெதுவாக. "நேத்து சாயங்காலம் குழந்தையத் தூக்கி வச்சிருந்தீங்களே. முத்தம் குடுத்தீங்களா?"

அங்காளம்மாவின் வாய் திறந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவளைத் தெரிந்த யாரும் அதுவரை பார்த்திராத காட்சி.

"கால்ல," என்றாள், கடைசியில். "உள்ளங்கால்ல. ஒண்ணே ஒண்ணு. அவுங்கப்பன் பொறந்தப்போ அப்டிதான் குட்த்தேன்." பிறகு உதட்டை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல் அழுதது எல்லோரையும் அதிகமாகப் பயமுறுத்தியது.

தையல்நாயகி டாக்டர் ஜெரூஷாவுக்குப் போன் போட்டாள். அவர் சொன்னபடி குழந்தையின் காலைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். ராகுகாலத்திலேயே ஆட்டோ பிடித்து, குரோம்பேட்டை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே குழந்தை டாக்டர் உச்சி முதல் பாதம்வரை பார்த்தார், இரத்தம் எடுத்தார், மூன்று நாள் அங்கேயே வைத்துக்கொண்டார். தோலில் காயமில்லை, காய்ச்சலில்லை, பால் குடிக்கிறான், அழுகிறான். அனுப்பும்போது, காய்ச்சலோ சோர்வோ பால் குடிக்காமலோ இருந்தால் அந்த நிமிஷமே வர வேண்டும், ஒரு மாதமாவது யாரும் முத்தம் கொடுக்கக் கூடாது, உதட்டில் கொப்புளம் உள்ளவர் கிட்டவே வரக் கூடாது என்றார். குழந்தைக்கு எதுவும் வரவில்லை. அங்காளம்மா கொரோனா காலத்து முகக்கவசம் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, கொப்புளம் உதிரும்வரை அறைக்கு வெளியே உட்கார்ந்து பேரனைப் பார்த்தாள். துணிக்குள்ளிருந்து வந்த அவள் குரல் சாதாரண மனிதர்களின் அளவுக்கு இறங்கியது. உமேஷ் அந்தப் பத்து நாளை வாழ்க்கையின் பொற்காலம் என்கிறான்.

பிள்ளைக்கு யாரும் சேனை வைக்கவில்லை. அவன் யார் குணத்தோடு வளர்வான் என்பது அந்தத் தெருவில் இன்றுவரை திறந்த கேள்வி. மூன்றாம் வாரத்தில் அவன் அழுத அழுகைக்குக் கீழே போன ஷேர் ஆட்டோ ஒதுங்கியதாக ருக்ஸானா சொல்வது சேனைச் சித்தாந்தத்துக்குப் பலத்த அடி.

தையல்நாயகி பயந்தது நடந்தது. தண்ணீர் லாரிக்கு முன்பே வார்த்தை கடைசி வீட்டை எட்டியது. அடுத்த தெருவில் ஒரு பிரசவத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. பார்த்ததும் புடவையை ஒதுக்கிக்கொண்டவர்கள் உண்டு. அவர்களிலேயே இரண்டு பேர் பின்பு தனித்தனியாக, யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து, உதட்டைக் காட்டி, "இது அது இல்லல்ல?" என்று கேட்டார்கள். அதுதான் என்றாள். அவர்களும் அவளைத் திட்டிவிட்டுப் போனார்கள். பன்னீர்செல்வத்துக்கு விஷயம் பள்ளிக்கரணைவரை போனது. அவர் ஒரு நாள் லீவு போட்டு வந்து, விரலைப் பார்த்து, டாக்டரிடம் போனிலேயே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "மூணாவது மாடிக்காரன் மாதிரின்னு சொல்லு," என்றார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே உவமை தோன்றியது அது முதல் தடவை.

கைராசி போனதா, இருக்கிறதா என்று தெரு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. பேசட்டும். அந்த வெள்ளிக்கிழமை காலை பத்தே கால் மணிக்குத் தையல்நாயகி தன் நோயின் பெயரைப் பதினோரு பேர் முன்னால் சொன்னாள். பிறகு சர்க்கரைத் தண்ணீரை வாஷ்பேசினில் ஊற்றிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.